கணக்கு ‘எல்லாமே ஆன்யுட்டி’ என்கிறது, வீட்டில் ‘வேண்டவே வேண்டாம்’ என்கிறார்கள்

லேசர்_வாத்தியார் (கேள்வி):

வணக்கம். வரும் மே மாதத்தோடு எனக்கு வேலை முடிகிறது. மத்திய அரசின் கீழ் இயங்கும் ஓர் ஆய்வு நிறுவனத்தில் கோட்பாட்டு வேதியியல். 2004க்குப் பிறகு சேர்ந்தவன், ஆகவே பழைய பென்ஷன் கிடையாது, என்.பி.எஸ். எனும் தேசிய ஓய்வூதியத் திட்டம் மட்டும்தான். சேர்ந்த தொகையில் குறைந்தது 40 விழுக்காட்டுக்கு ஆன்யுட்டி வாங்கியே தீர வேண்டும், அதாவது பணத்தை மொத்தமாகக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வாங்கும் ஏற்பாடு. மீதி 60ஐ வரியில்லாமல் கையில் வாங்கலாம், விருப்பமிருந்தால் அதையும் ஆன்யுட்டிக்கே கொடுத்துவிடலாம். என் குழப்பம் அந்த 60இல்.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் புரியும். லேசர் துடிப்பால் மூலக்கூறை நமக்கு வேண்டிய பக்கம் திருப்புவதுதான் என் வேலை. காகிதத்தில்தான், லேசரை நான் தொட்டால் ஆய்வகத்தில் திட்டுவார்கள். ஒரு மூலக்கூறைச் சூடாக்கினால் அதிலுள்ள வலுக்குறைந்த பிணைப்புதான் முதலில் அறும். வலுவான பிணைப்பை அறுத்துவிட்டு மற்றதை விட்டுவைக்க வெப்பம் உதவாது, ஃபெம்டோ வினாடிக் கணக்கில் வடிவமைத்த துடிப்பு வேண்டும். 1985இல் டேனரும் ரைஸும் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று பார்த்தார்கள். மறு ஆண்டு புரூமரும் ஷப்பிரோவும் இரண்டு குவாண்டம் வழிகளை மோதவிட்டு ஒன்றை அணைக்கலாம் என்றார்கள். 1988இல் பியர்ஸ், டாலே, ராபிட்ஸ் மூவரும் இதை ஒழுங்கான ஆப்டிமல் கன்ட்ரோல் கணக்காக எழுதினார்கள்: கடைசி நொடியில் மூலக்கூறு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது இலக்கு, லேசரின் ஆற்றல் செலவு, நடுவில் மூலக்கூறு எப்படி மாறும் என்று சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாடு மீறக்கூடாத விதி. முன்னோக்கி ஒரு தடவை, முடிவிலிருந்து பின்னோக்கி ஒரு தடவை என்று மாறி மாறித் தீர்த்தால் துடிப்பின் வடிவம் கிடைத்துவிடும். என் உத்தியோகம் முழுக்க இதுதான் சோறு போட்டது.

சரி, ஓய்வுக்காலமும் இதே கணக்குதானே என்று எழுதிப் பார்த்தேன். மூலக்கூறின் நிலைக்குப் பதில் கையிருப்பு. லேசருக்குப் பதில் மாதாமாதம் எடுக்கும் பணமும், பங்குச் சந்தையில் எவ்வளவு வைப்பது என்பதும். ஒரே வித்தியாசம், ஆய்வகத்தில் முடிவு நேரம் எனக்குத் தெரியும், இங்கே தெரியாது. அதற்கு, வயது ஏற ஏற இறக்கும் வாய்ப்பு எப்படிப் பெருகும் என்று சொல்லும் கோம்பர்ட்ஸின் இறப்பு விதியைப் போட்டேன். ஆன்யுட்டியை ஒரு தேர்வாக உள்ளே விட்டதும் விடை பட்டென்று ஒரு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது: மொத்தப் பணத்துக்கும் ஆன்யுட்டி வாங்கு. பிறகு தேடியதில், பொருளாதார அறிஞர் மெனாகெம் யாரி 1965இலேயே இதை நிரூபித்துவிட்டார். வாரிசுக்கு விட்டுச்செல்லும் ஆசை இல்லாதவர், நியாய விலையில் ஆன்யுட்டி கிடைத்தால், முழுக்க அதைத்தான் வாங்க வேண்டும். டேவிடாஃப், பிரவுன், டயமண்ட் மூவரும் 2005இல் நிபந்தனைகளை இன்னும் தளர்த்தியும் விடை பெரிதாக அசையவில்லை.

ஆனால் உலகத்தில் யாரும் இப்படிச் செய்வதில்லை. பொருளாதார அறிஞர் மோடிக்லியானி 1985இல் தன் நோபல் உரையிலேயே இந்தப் புதிரைச் சொல்லியிருக்கிறார். என்னோடு வேலை பார்த்தவர்களில் ஒருவர்கூட 40க்கு மேல் ஒரு பைசா கொடுக்கவில்லை. என் மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டார்: “நம்ம பணத்தைக் கொடுத்துட்டு மாசாமாசம் நாமே கையேந்தணுமா?”

வேண்டிய விவரம்: என் மனைவிக்கு என்னைவிட நான்கு வயது குறைவு, அவருக்குத் தனி வருமானம் இல்லை. மகள் வேலையில் இருக்கிறாள், எங்கள் பணம் அவளுக்குத் தேவைப்படாது. தஞ்சாவூரில் சொந்த வீடு, கடன் இல்லை. உலகம் தப்பா, சமன்பாடு தப்பா?

கோவை_ராஜா:

சார், இவ்வளவு கணக்கு எதுக்கு? 60ஐ வாங்குங்க. பாதி எஃப்.டி., பாதி நல்ல ஈக்விட்டி ஃபண்டுல போட்டு எஸ்.டபிள்யூ.பி. (ஃபண்டுல இருந்து மாசாமாசம் ஒரு தொகை எடுக்கிற ஏற்பாடு) ஆரம்பிச்சிடுங்க. அமெரிக்காவுல பெங்கன்னு ஒருத்தர், ஏரோநாட்டிக்ஸ் படிச்சவர், 1994லயே கணக்குப் போட்டுச் சொல்லிட்டார். முதல் வருஷம் கையிருப்புல 4 விழுக்காடு எடுங்க, அப்புறம் வருஷாவருஷம் விலைவாசிக்கு ஏத்த மாதிரி கூட்டிக்கோங்க, 30 வருஷத்துக்குத் தீராது. நம்ம ஊர்ல 6 கூட எடுக்கலாம்னு என் அனுபவம். ஆன்யுட்டி எல்லாம் ஏஜென்ட் கமிஷனுக்கு.

பரப்பும்_வளைவும்:

வாத்தியார் ஐயா, நான் ரிச்சி ஓட்டத்தில் (வளைந்த வடிவம் ஒன்று, வெப்பம் பரவுவது போல, காலப்போக்கில் எப்படி மாறும் என்று பார்க்கும் கணிதம்) முனைவர் பட்டத்துக்குத் திண்டாடிக்கொண்டிருப்பவள். பென்ஷன் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். ஆனால் உங்கள் சமன்பாடு எனக்குப் பக்கத்து வீட்டுச் சங்கதி, அதனால் மூக்கை நுழைக்கிறேன்.

முதலில் ராஜா அண்ணன் சொன்ன 4 விழுக்காடு. பெங்கன் பார்த்தது அமெரிக்கப் பங்குகளும் கடன் பத்திரங்களும் 1926 முதல் நடந்துகொண்ட விதத்தை. அதை இங்கே 6 என்று உயர்த்த என்ன ஆதாரம் என்று அண்ணன்தான் சொல்ல வேண்டும். அதைவிட, அந்த விதி முன்கூட்டியே எழுதி வைத்துவிட்ட துடிப்பு போன்றது. மூலக்கூறு என்ன செய்தாலும் துடிப்பு அதன் போக்கில் போகும். சந்தையில் வருமானம் எவ்வளவு என்பது மட்டும் போதாது, எந்த வரிசையில் வருகிறது என்பதும் சேர்ந்துதான் விடையை முடிவு செய்கிறது. ஒரு கோடி ரூபாய், ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 6 லட்சம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். மூன்று ஆண்டு வருமானம் முறையே 30, 10, கழித்தல் 20 விழுக்காடு என்றால் கடைசியில் 97.46 லட்சம் மிஞ்சும். அதே மூன்று எண்களைத் திருப்பிப் போட்டு, சரிவு முதல் ஆண்டே வந்தால், 91.16 லட்சம்தான். பணம் எடுக்காமல் இருந்திருந்தால் இரண்டிலும் ஒரே தொகை வந்திருக்கும். மூன்றே ஆண்டில் இவ்வளவு என்றால் முப்பதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் சரியாகச் செய்தவர் பொருளாதார அறிஞர் மெர்ட்டன், 1969இல். ஒவ்வொரு கணத்திலும் கையிருப்பைப் பார்த்து முடிவை மாற்றும் கணக்கு அது. அதில் வரும், ஒவ்வொரு கணத்துக்கும் சிறந்த முடிவைத் தரும் ஹாமில்டன்–ஜாக்கோபி–பெல்மேன் சமன்பாடு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. (இந்த ஹாமில்டன் 19ஆம் நூற்றாண்டு அயர்லாந்துக்காரர். எங்கள் ரிச்சி ஓட்டத்தை 1982இல் தொடங்கிவைத்த ஹாமில்டன் வேறு. என் அப்பா இருவரையும் ஒரே ஆள் என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.) மெர்ட்டனின் விடையில் எனக்கு விநோதமாகப் படுவது, பங்கில் வைக்க வேண்டிய விகிதம் வயதைச் சார்ந்ததே இல்லை என்பது. பங்கு மற்றதைவிட 4 விழுக்காடு கூடுதலாகத் தரும், அதன் ஏற்ற இறக்கம் 20 விழுக்காடு, உங்கள் பயத்தின் அளவு 3 என்று வைத்தால் மூன்றில் ஒரு பங்கு. அறுபதிலும் அதே, எண்பதிலும் அதே.

அந்தச் சமன்பாடு பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் லெஜாண்டர் மாற்றம் என்ற கணித உத்தி ஒன்றைப் போட்டால் நேரியல் ஆகி, கடைசியில் வெப்பச் சமன்பாட்டின் உறவுக்காரராக மாறிவிடும். அதுவும் காலத்தில் பின்னோக்கி ஓடும் வகை. ரிச்சி ஓட்டம் பற்றிப் பெரல்மான் 2002, 2003இல் எழுதிய கட்டுரைகளிலும் அப்படித்தான்: வடிவம் முன்னோக்கி மாறிக்கொண்டே வரும், அதன் மேல் ஒரு வெப்பச் சமன்பாட்டை முடிவிலிருந்து பின்னோக்கித் தீர்ப்பார். வளைந்த வெளியின் மேல் வெப்பம் எப்படிப் பரவும் என்பதை முதலில் ஒழுங்காக எழுதியவர்களில் ஒருவர் நம் சென்னை லயோலாவில் படித்த மீனாட்சிசுந்தரம். விசாகப்பட்டினத்து வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 1949இல் பிளேயலோடு சேர்ந்து எழுதிய கட்டுரை இன்றும் தினசரி மேற்கோள் காட்டப்படுகிறது. 1968இல் 54 வயதில் இறந்துபோனார். அதே வெப்பச் சமன்பாட்டை வைத்து விளையாடிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துப் பட்டோடி 1976இல், 31 வயதில். கோம்பர்ட்ஸ் விதியைக் கூட்டத்துக்குத்தான் போட முடியும் என்பதற்கு எங்கள் துறையிலேயே இவ்வளவு அத்தாட்சி இருக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு. உங்கள் துறையில் 1992இல் ஜட்சனும் ராபிட்ஸும் ஒரு யோசனை சொன்னார்களே, சமன்பாடே வேண்டாம், சோதனையையே ஆசிரியராக வைத்துக்கொள்ளலாம் என்று? ஒரு துடிப்பை அனுப்பு, என்ன உடைந்தது என்று பார், துடிப்பைக் கொஞ்சம் மாற்று, மறுபடி அனுப்பு. 1998இல் வுர்ட்ஸ்பர்கில் கெர்பர் குழு ஓர் இரும்புச் சேர்மத்தில் அதைச் செய்தும் காட்டியது. ஒவ்வொரு தடவையும் புதிய மூலக்கூறு கிடைப்பதால்தான் அது நடக்கிறது. ஓய்வுக்காலத்தில் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு மூலக்கூறு, ஒரே ஒரு ஓட்டம். கூட்டத்தின் சராசரி கிடைப்பது காப்பீட்டு நிறுவனத்துக்குத்தான், அவர்களிடம்தான் லட்சம் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஆன்யுட்டி வாங்குவது என்றால் உங்கள் தனி ஓட்டத்தைக் கொடுத்துவிட்டு சராசரியை வாங்கிக்கொள்வது. அதனால்தான் விடை மூலைக்குப் போகிறது. சமன்பாட்டில் தப்பு இல்லை என்றே நினைக்கிறேன்.

கையிருப்பு சுழியமாகும் எல்லை மட்டும் கவனிக்க வேண்டியது. ரிச்சி ஓட்டத்தில் வடிவத்தின் கழுத்துப் போன்ற பகுதி இறுகிப்போனால் வெட்டி, மூடி போட்டு, ஓட்டத்தைத் தொடரலாம், பெரல்மான் அதற்குத்தான் அறுவைசிகிச்சை செய்தார். உங்கள் கணக்கில் அந்த அறுவைசிகிச்சைக்குப் பெயர் தஞ்சாவூர் வீட்டை விற்பது.

பழைய_ஆக்சுவரி:

தங்கை அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் வாத்தியார் கணக்கில் போட்ட பொருளும் கடையில் விற்கும் பொருளும் வேறு வேறு. ஆயுள் காப்பீட்டில் விலை நிர்ணயப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். ராஜா தம்பிக்கு மட்டும் ஒன்று: என்.பி.எஸ். ஆன்யுட்டியில் ஏஜென்ட் யாரும் பணக்காரர் ஆவதில்லை, கமிஷன் இருந்தால் அவர்களே உங்கள் வீட்டு வாசலில் நின்று விற்றிருப்பார்கள்.

யாரியின் ஆன்யுட்டி எப்படி வேலை செய்கிறது என்று எளிய எண்ணில் சொல்கிறேன். 80 வயதுக்காரர்கள் நூறு பேர், ஆளுக்கு ஒரு லட்சம் போடுகிறார்கள். வட்டி 5 விழுக்காடு. ஆண்டு முடிவில் 105 லட்சம். இடையில் எட்டுப் பேர் இறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மீதி 92 பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 1,14,130 ரூபாய். அதாவது 14 விழுக்காட்டுக்கு மேல். இந்தக் கூடுதல் 9 விழுக்காட்டை உலகத்தில் எந்த ஃபண்ட் மேனேஜரும் தர முடியாது, அது இறந்தவர் விட்டுச்சென்ற பணம். இதை எங்கள் தொழிலில் மார்ட்டாலிட்டி கிரெடிட் என்போம். 1653இல் டோன்டி என்ற நேப்பிள்ஸ்காரர் பிரான்சு அரசுக்குச் சொன்ன திட்டத்தின் உள்ளே இருந்ததும் இதுதான்.

இப்போது அதே கணக்கை 60 வயதுக்காரர்களுக்குப் போடுங்கள். நூறு பேரில் ஒருவர் இறந்தார் என்றால் 105ஐ 99ஆல் வகுக்க வேண்டும். 6.06 விழுக்காடு. கூடுதல் ஒன்றே ஒன்றுதான். கோம்பர்ட்ஸ் 1825இல் சொன்னபடி இறப்பின் வேகம் சுமார் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது, ஆகவே ஆன்யுட்டியின் ருசி எல்லாம் பின்னால்தான் இருக்கிறது. அறுபதில் வாங்குபவர் இந்த லாபத்தில் மிகக் குறைவான பகுதியை முதலில் பெறுகிறார். மிலெவ்ஸ்கியும் வர்ஜீனியா யங்கும் 2007இல் இதைத்தான் கணக்காக எழுதினார்கள்: ஆன்யுட்டி வாங்கினால் திருப்ப முடியாது, ஆகவே காத்திருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு. வாத்தியாரின் சமன்பாட்டில் ‘இன்று அல்லது என்றுமில்லை’ என்று இருந்திருக்கும். ‘பத்து ஆண்டு கழித்தும் வாங்கலாம்’ என்ற கதவைத் திறந்து ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது இன்னும் பெரிய விஷயம். நம் நாட்டில் பெரும்பாலோர் கேட்டு வாங்குவது ‘வாங்கிய விலையைத் திருப்பித் தரும்’ வகை. நான் போன பிறகு மனைவிக்குத் தொடரும், அவரும் போன பிறகு போட்ட முதல் அப்படியே பிள்ளைக்கு. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் மேலே சொன்ன நூறு பேர் கணக்கைப் பாருங்கள். இறந்தவரின் லட்சத்தை நாமினியிடம் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் பிரித்துக்கொள்ள என்ன இருக்கிறது? வட்டி 5 மட்டும். மார்ட்டாலிட்டி கிரெடிட் சுழியம். அது ஆன்யுட்டி என்ற பெயரில் விற்கப்படும் நீண்ட காலக் கடன் பத்திரம், அதுவும் நடுவில் விற்க முடியாதது. யாரியின் தேற்றம் அதற்குப் பொருந்தவே பொருந்தாது. உங்கள் சக ஊழியர்கள் அதை வேண்டாம் என்று சொன்னது புதிர் அல்ல, புத்திசாலித்தனம். அதே ஆட்கள் முதலைத் திருப்பித் தராத வகையையும் வேண்டாம் என்பார்கள், அங்கேதான் எனக்கும் மோடிக்லியானிக்கும் வருத்தம்.

மூன்றாவது விலைவாசி. உங்கள் சமன்பாட்டில் ஆன்யுட்டி விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிறதா? ஏறும் என்றே நினைக்கிறேன், ஏனெனில் பாடப்புத்தகத்தில் எல்லாமே ‘உண்மை மதிப்பில்’ இருக்கும். இங்கே அப்படி ஒன்று விற்பனைக்கே இல்லை. மாதம் 40,000 ரூபாய் என்று இன்று உறுதியாகிறது, விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் 12 ஆண்டில் அதன் மதிப்பு பாதி. 85 வயதில் இன்றைய கணக்குக்கு 9,300 ரூபாய்தான். ஆண்டுக்கு 3 விழுக்காடு தனிவட்டி மாதிரி கூடிக்கொண்டே போகும் வகை ஒன்று உண்டு. அதில் 25 ஆண்டில் 40,000 என்பது 70,000 ஆகும், இன்றைய மதிப்பில் 16,300. ஆனால் அந்த வகையில் தொடக்கத் தொகையே குறைவாக இருக்கும், ஆகவே 40,000இல் தொடங்காது. நிறுவனங்களைக் குறை சொல்லியும் பயன் இல்லை. விலைவாசியோடு ஏறும் பென்ஷன் தர வேண்டுமானால் விலைவாசியோடு ஏறும் பத்திரம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். 2013 டிசம்பரில் ரிசர்வ் வங்கி நுகர்வோர் விலைக் குறியீட்டோடு இணைத்த சேமிப்புப் பத்திரம் ஒன்றை வெளியிட்டுப் பார்த்தது, வாங்க ஆளில்லாமல் போயிற்று. பழைய பென்ஷனில் அகவிலைப்படி என்று ஒன்று இருந்ததே, அதன் அருமை இந்தக் கணக்கைப் போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக ‘நியாய விலை’. ஆன்யுட்டி வாங்க வருபவர்கள் நீண்ட நாள் வாழ்வோம் என்று நம்புபவர்கள், ஆகவே நாங்கள் அவர்களுக்கென்று தனி அட்டவணை வைத்திருக்கிறோம். இதில் சரித்திரமே உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சு அரசு வயது பார்க்காமல் வாழ்நாள் ஆன்யுட்டியை ஒரே விலைக்கு விற்றது. ஜெனீவா வங்கிக்காரர்கள், பெரியம்மை கண்டு பிழைத்த, நல்ல குடும்பத்துச் சிறுமிகளாகப் பார்த்து முப்பது பேர் சேர்த்து, அவர்கள் உயிர் இருக்கும்வரை பணம் வரும்படி வாங்கிக் குவித்தார்கள். இத்தனைக்கும் ஹாலி, வால்நட்சத்திர ஹாலியேதான், 1693லேயே பிரெஸ்லாவ் நகரத்து இறப்புக் கணக்கை வைத்து வயதுக்கேற்ற விலை போடுவது எப்படி என்று காட்டியிருந்தார்.

ஆக வாத்தியார் செய்ய வேண்டியது: கட்டாய 40க்கு மூன்று விலை கேளுங்கள். உங்கள் ஒருவர் ஆயுளுக்கு மட்டும். இருவர் ஆயுளுக்கும், முதல் திரும்பாதது. இருவர் ஆயுளுக்கும், முதல் திரும்புவது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம்தான் மகளுக்கு விட்டுச்செல்ல நீங்கள் மாதாமாதம் கட்டும் தொகை. அந்த 60இல் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 2023 ஏப்ரலில்தான் உச்சவரம்பு 15இலிருந்து 30 ஆனது. 8.2 விழுக்காட்டில் போட்டால் மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய் வரும். மீதியைப் பிரித்து வைத்துக்கொண்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் இன்னொரு ஆன்யுட்டி வாங்கலாமா என்று அப்போது பாருங்கள்.

மதுரை_அக்கா:

எல்லோரும் பெரிய பெரிய சமன்பாடு எழுதுகிறீர்கள். அதில் வாத்தியார் வீட்டம்மா எங்கே இருக்கிறார்? ‘முடிவு நேரம் தெரியாது’ என்று ஒரு நேரத்தைத்தான் எழுதியிருக்கிறார். இரண்டு உயிர் இருக்கிறது. ஒருவர் நான்கு வயது சின்னவர், பெண்கள் பொதுவாகக் கூடுதல் நாள் இருக்கிறார்கள், தனி வருமானமும் இல்லை. ‘கையேந்தணுமா’ என்று அந்த அம்மா கேட்டதை நீங்கள் ஆன்யுட்டி வெறுப்பு என்று படிக்கிறீர்கள். ஐயா போன பிறகு என்ன என்பதுதான் அவர் கேட்பது என்று எனக்குப் படுகிறது. கேட்டுப் பாருங்கள்.

நான் வங்கியில் பென்ஷன் கணக்குகள் பார்த்தவள். என்னிடம் வந்தவர்களைத் திணறடித்தது மூன்று விஷயம். ஒன்று ஆஸ்பத்திரி. மாதாமாதம் ஒரே அளவு வரும் பணம் இடுப்பு எலும்பு முறிந்த மாதத்தில் பத்தாது, ஆகவே மொத்தத்தையும் கொடுத்துவிட்டு உட்காரக் கூடாது, கணக்கு என்ன சொன்னாலும். இரண்டு, வரி. கையில் வாங்கும் 60க்கு வரி இல்லை, ஆனால் ஆன்யுட்டியாக வருவது வருமானம்தான், ஸ்லாப் படி கட்ட வேண்டும். இதையும் சமன்பாட்டில் போட்டீர்களா?

மூன்றாவதைச் சொல்லத் தயக்கம்தான். பரப்பும்_வளைவும் சொன்ன மாதிரி ஒவ்வொரு கணத்திலும் கையிருப்பைப் பார்த்து முடிவை மாற்ற வேண்டும் என்றால், அதை 82 வயதில் யார் செய்வார்கள்? கையெழுத்தே மாறிப்போய், இரண்டு தடவை ஒரே எஃப்.டி.யைக் கேட்டு வந்த பேராசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களோடு வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், சிலர் நல்லவர்கள். தானாக வந்து விழும் பணத்துக்கு அந்த வயதில் வேறு மதிப்பு. அதனால் ஆக்சுவரி ஐயா சொல்லும் ‘எழுபதுகளில் பாருங்கள்’ என்பது சரி, ஆனால் எழுபத்தைந்தைத் தாண்ட விடாதீர்கள். இப்போதே எழுதிவைத்து மகளிடம் சொல்லிவிடுங்கள்.

ராஜா தம்பி, உங்கள் 6 விழுக்காட்டுக்குப் பதில் இன்னும் வரவில்லை.

கோவை_ராஜா:

அக்கா, என் அனுபவம்னா 2014ல இருந்து. சந்தை நல்லா இருந்த காலம்தான், ஒத்துக்கறேன். ஆனா எஃப்.டி.ல மட்டும் வெச்சு விலைவாசிகிட்ட தோக்கறதுக்கு இது தேவலை.

லேசர்_வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து நான்கு மாற்றம் செய்து ஓட்டினேன். இரண்டு உயிர், விலைவாசியோடு ஏறாத ஆன்யுட்டி, வரி, பிறகு எந்த வயதிலும் வாங்கலாம் என்ற கதவு. ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் எப்போதாவது வரும் திடீர் உதையாகப் போட்டேன், எங்கள் துறையில் மூலக்கூறைச் சுற்றியுள்ள திரவம் இடிப்பதை எழுதுவது போல.

விடை மூலையைவிட்டு வெளியே வந்துவிட்டது. அறுபதில் கட்டாய 40க்கு மேல் எதுவும் வேண்டாம் என்கிறது. எழுபத்தொன்றுக்கும் எழுபத்தாறுக்கும் நடுவில், மீதியில் ஏறத்தாழ பாதிக்கு இருவர் ஆயுள் ஆன்யுட்டி, முதல் திரும்பாதது. பங்கில் வைப்பது மெர்ட்டன் சொன்ன மூன்றில் ஒன்றைவிடக் கூடுதலாக வருகிறது. ஆன்யுட்டியே கடன் பத்திரத்தின் வேலையைச் செய்துவிடுவதால் மீதியில் கொஞ்சம் துணிச்சல் தாங்கும் போல. ‘முதல் திரும்பும்’ வகையை எந்த வயதிலும் அது தொடவே இல்லை, மகளுக்கு விட்டுச்செல்லும் ஆசையை மிக அதிகமாக வைத்தால் ஒழிய. அப்படி வைத்தாலும், பணத்தைத் தனியாக மகள் பெயரில் போடுவதைத்தான் முதலில் எடுக்கிறது.

அக்கா சொன்னபடி மனைவியிடம் கேட்டேன். ‘நீங்க இல்லாதப்ப எந்த ஆபீஸ்ல போய் யார்கிட்ட கேட்கணும்’ என்பதுதான் அவர் கவலை. மாதம் எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை. அதற்கு என்னிடம் சமன்பாடு கிடையாது. ஆக்சுவரி ஐயா, ஒருவர் இறந்த பிறகு மற்றவருக்கு ஆன்யுட்டி மாற என்ன நடைமுறை? அதை இப்போதே எளிதாக்க ஏதாவது வழி உண்டா?

பழைய_ஆக்சுவரி:

உண்டு, பெரிய வேலை இல்லை. விண்ணப்பத்தில் அவருடைய பிறந்த தேதியும் பெயரும் ஆதாரிலும் பான் கார்டிலும் இருப்பது போலவே இருக்க வேண்டும், ஓர் எழுத்து மாறினாலும் பிறகு அலைச்சல். வங்கிக் கணக்கை இப்போதே இருவர் பெயரிலும் மாற்றிவிடுங்கள். இறப்புச் சான்றிதழும் அவருடைய கே.ஒய்.சி.யும் கொடுத்தால் தொகை அவருக்கு மாறும். அதன் பிறகு அவர் ஆயுள் சான்று கொடுக்க வேண்டியிருக்கும், சில இடங்களில் மின்னணு ஆயுள் சான்றான ஜீவன் பிரமாணை ஏற்கிறார்கள், சில இடங்களில் தங்கள் படிவத்தைத்தான் கேட்பார்கள், வாங்கும்போதே எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் முதல் ஆண்டு உங்கள் சான்றை அவரையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள், அலுவலகமும் கவுண்டரும் பழகிவிடும்.

உங்கள் ஓட்டத்தில் ஒன்று மட்டும் இடிக்கிறது. எழுபத்தொன்றில் வாங்கும் ஆன்யுட்டிக்கு இன்றைய விலையைப் போட்டீர்களா, அன்றைய வட்டிக்கேற்ற விலையையா? இன்றையதைப் போட்டிருந்தால் வட்டி இரண்டு விழுக்காடு இறங்கினால் என்ன ஆகிறது என்று ஒருமுறை ஓட்டிவிட்டு இங்கே போடுங்கள்.